அம்மாவுக்கு ஸ்க்ரப் டைபஸ் சரியாயிடுச்சு, ஆனா டெஸ்ட் இன்னும் பாசிட்டிவ்னு வருது டாக்டர்!

கேள்வி: டாக்டர், எங்க அம்மாவுக்கு 58 வயசு. ரெண்டரை மாசம் முன்னாடி திடீர்னு குளிர் ஜுரம், தாங்க முடியாத தலைவலி. டெங்கு டெஸ்ட் நெகட்டிவ். வைடால் பாசிட்டிவ்னு வந்ததால டைபாய்டுன்னு சொல்லி அஞ்சு நாள் ஊசி போட்டாங்க, ஜுரம் இறங்கவே இல்ல. எட்டாவது நாள் மூச்சு வாங்க ஆரம்பிச்சதும் அட்மிட் பண்ணோம். பிளேட்லெட் குறைஞ்சு போச்சு, லிவர் டெஸ்ட் ஏறியிருந்துச்சு. அன்னிக்கு ராத்திரி நர்ஸ் ஒடம்ப தொடச்சு விடும்போது மார்புக்கு அடியில ஒரு கருப்பு பொருக்கு இருக்கறத பாத்துட்டு டாக்டரை கூப்பிட்டாங்க, ஸ்க்ரப் டைபஸ், பூச்சிக்கடியில வர்ற ஜுரம்னு சொல்லி டாக்ஸிசைக்ளின்ங்கற ஆன்டிபயாடிக் ஆரம்பிச்சாங்க, ரெண்டே நாள்ல ஜுரம் விட்டுடுச்சு. இப்போ சந்தேகத்துக்கு ஒரு லேப்ல திரும்ப டெஸ்ட் எடுத்தோம், ஐஜிஎம் பாசிட்டிவ். கிருமி இன்னும் ரத்தத்துல இருக்குன்னு லேப்ல சொல்றாங்க. திரும்ப மருந்து குடுக்கணுமா? வீட்ல நாய் இருக்கு, அதுலேர்ந்து வந்துச்சா? எனக்கு நாலு வயசு குழந்தை இருக்கு, தொத்துமா, எல்லாரும் டெஸ்ட் எடுக்கணுமா? இதுக்கு தடுப்பூசி இல்லையா? மொத டாக்டர் ஏன் கண்டுபிடிக்கல? அம்மாவுக்கு அசதி இன்னும் போகல, காதுல ஒரு இரைச்சல் இருக்குன்னும் சொல்றாங்க.

பதில்:

மருந்து விஷயத்த மொதல்ல சொல்லிடறேன், ஏன்னா உங்க தூக்கம் கெட்டிருக்கறது அதுனாலதான். அம்மாவுக்கு இப்போ ஜுரம் இல்ல, சாப்பிடறாங்க, நடமாடறாங்க, அசதி மட்டும்தான்னா அந்த ரிப்போர்ட்ட ஃபைல்ல வெச்சுட்டு மறந்துடுங்க, இன்னொரு கோர்ஸ் மருந்து வேண்டாம். அந்த டெஸ்ட் கிருமிய பாக்கவே இல்லம்மா. கிருமிக்கு எதிரா அம்மாவோட ஒடம்பு தயார் பண்ண ஆன்டிபாடிய பாக்குது, அதுல ஐஜிஎம்ங்கற வகை ஜுரம் வந்து அஞ்சு ஏழு நாள் கழிச்சுதான் ரத்தத்துல அளக்கற அளவுக்கு ஏறும், ஏறினது லேசுல இறங்காது, பல பேருக்கு மாசக்கணக்குல நிக்கும், சிலருக்கு ஒரு வருஷம் வரைக்கும் கூட பாசிட்டிவ் காட்டும். ரெண்டரை மாசத்துல பாசிட்டிவ்னா அது எதிர்பார்த்ததுதான், நெகட்டிவா வந்திருந்தாதான் நான் கொஞ்சம் யோசிச்சிருப்பேன். "குணமாயிடுச்சா"ன்னு பாக்கறதுக்கு இந்த டெஸ்ட் லாயக்கே இல்ல, அதுக்கு யாரும் எழுதிக் குடுக்கவும் கூடாது.

லேப்காரர் சொன்னதுல ஒரு துளி உண்மை இருக்கு, அதையும் மறைக்காம சொல்லிடறேன், நாளைக்கு நீங்களே எங்கயாவது படிச்சுட்டு பதறக்கூடாது. 1950கள் ஆரம்பத்துல ஜோசப் ஸ்மடெல்ங்கற அமெரிக்க விஞ்ஞானியோட குழு, ஸ்க்ரப் டைபஸ் வந்து குணமானவங்களோட நெறிக்கட்டிய ஒரு வருஷத்துக்கு மேல கழிச்சு எடுத்து சோதிச்சப்போ சிலர்கிட்ட கிருமி உயிரோட இருந்துச்சு. ஆனா அந்த ஆளுங்க நல்லா இருந்தாங்க. அதுவும் நெறிக்கட்டிய எடுத்து எலிக்கு செலுத்தி கண்டுபிடிச்ச விஷயம், ஐஜிஎம் ரிப்போர்ட்ட வெச்சு சொல்றதில்ல. அதனால நம்ம கணக்கு சிம்பிள்: திரும்ப ஜுரம் வந்தா பாக்கணும், பேப்பர்ல பாசிட்டிவ் வந்தா பாக்க வேண்டியதில்ல.

அந்த நர்ஸுக்கு ஒரு நன்றி சொல்லிட்டீங்களா? சொல்லலன்னா சொல்லுங்க. இந்த வியாதிய சட்டுனு காட்டிக்குடுக்கறது அந்த பொருக்கு ஒண்ணுதான், எஸ்கார்னு சொல்லுவோம். பூச்சி கடிச்ச எடத்துல மொதல்ல சின்னதா ஒரு சிவப்பு கொப்புளம், அப்புறம் அது உடைஞ்சு நடுவுல கருப்பா காஞ்ச பொருக்கு, சுத்தி ஒரு செவந்த விளிம்பு, சிகரெட்டால சூடு வெச்ச மாதிரி இருக்கும். வலிக்காது, பெரும்பாலும் அரிக்காது, அதனால வெச்சிருக்கறவங்களுக்கே தெரியாது. எங்க இருக்கும்னா துணியும் தோலும் ஒட்டற மடிப்புல, அக்குள், தொடையிடுக்கு, மார்புக்கு அடியில, இடுப்புல நாடா இறுகற எடம், முழங்கால் மடிப்பு, தொப்புள், காதுக்கு பின்னாடி, சில பேருக்கு தலைமுடிக்குள்ள, பிறப்புறுப்புல. ஈரம் படிஞ்ச மடிப்புல பொருக்கு உதிர்ந்து போயிடும், வெளிறின அடிப்பாகத்தோட ஒரு ஆழமில்லாத புண் மட்டும் நிக்கும், கருப்பத் தேடிட்டு இருக்கற கண்ணுக்கு அது புண்ணாவே தோணாது. கருத்த தோல்ல இன்னும் சிரமம்.

பாருங்க, இது எல்லாமே நாம யாருக்கும் காட்ட மாட்டோம்னு வெச்சிருக்கற எடம். ஜுரம்னு வர்ற ஒரு அம்மாவ பிளவுஸ கழட்ட சொல்லி மார்புக்கு அடியில பாக்கற டாக்டர் எத்தன பேர்? பாக்க விடற அம்மா எத்தன பேர்? ரெண்டு பக்கமும் கூச்சம், நடுவுல எட்டு நாள் போயிடுது. ஆம்பளைங்களும் சளைச்சவங்க இல்ல, "அங்கெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர்"னு பாக்காமலே சொல்லுவாங்க. என்னோட கட்சி இதுதான், ஜுரம் அஞ்சு நாள் தாண்டுச்சுன்னா வீட்லயே ஒருத்தர், அம்மாவுக்கு பொண்ணு, புருஷனுக்கு பொண்டாட்டி, நல்ல வெளிச்சத்துல தலையிலேர்ந்து கால் வரைக்கும் ஒரு தடவ பாத்துடணும். அஞ்சு நிமிஷ வேலை. எஸ்கார் இல்லன்னா ஸ்க்ரப் டைபஸ் இல்லன்னு அர்த்தம் கிடையாது, கிட்டத்தட்ட பாதி பேருக்கு கண்ணுல படாமலே போகும், ஒவ்வொரு ஊர் ஆய்வுலயும் அந்த சதவீதம் தாறுமாறா மாறும். இருந்துச்சுன்னா மட்டும் கிட்டத்தட்ட கேஸ் முடிஞ்சுது.

அடுத்தது நாய். நாய பாவம் விட்டுடுங்க. நாய் மேல கொழுகொழுன்னு தொங்கற உண்ணி வேற ஜீவன், அது வேற வியாதிகள பரப்பும், அத எடுத்து சுத்தமா வெச்சுக்கறது நல்லதுதான், ஆனா இதுக்கு அது குற்றவாளி இல்ல. இங்க குற்றவாளி மண்ணுல வாழற மைட்ங்கற ஒரு நுண்ணிய ஜீவனோட லார்வா, அதாவது இளம் பருவம், சிக்கர்னு சொல்லுவாங்க. 0.2 மில்லிமீட்டர்தான் இருக்கும், வெறுங்கண்ணுக்கு தெரிஞ்சா உண்டு. புடிச்ச எலியோட காத திருப்பி பாத்தா உள்மடிப்புல ஆரஞ்சு கலர்ல ஒரு கொத்து ஒட்டிட்டு இருக்கும், மொதல்ல ஏதோ அழுக்குன்னு நெனைப்போம், லென்ஸ வெச்சாதான் ஒவ்வொண்ணா பிரிஞ்சு ஆறு கால் தெரியும். வளந்த மைட்டுக்கு எட்டு கால், அது மண்ணுக்குள்ள சின்ன பூச்சிங்களோட முட்டைய தின்னுட்டு தன் பாட்டுக்கு இருக்கும், மனுஷன் பக்கம் வரவே வராது. லார்வாவா இருக்கும்போது மட்டும், வாழ்க்கையில ஒரே ஒரு தடவ, அது எலியோ மூஞ்சூறோ மனுஷனோ ஏதோ ஒரு ஒடம்புல ஏறி சாப்பிட்டாகணும். புல் நுனியில காத்துட்டு இருந்து ஏறும். ரத்தம் குடிக்காது, எச்சில விட்டு தோல் திசுவ கரைச்சு அந்த சாற உறிஞ்சும், ரெண்டு மூணு நாள் ஒட்டிட்டு இருந்துட்டு தானா விழுந்துடும். அது கடிச்சு கிட்டத்தட்ட பத்து நாள் கழிச்சுதான் ஜுரமே வரும், ஆறு நாள்லேர்ந்து மூணு வாரம் வரைக்கும் ஆகலாம், அதனால ஜுரம் வந்த பிறகு வீட்ல பூச்சிய தேடி ஒண்ணும் கிடைக்காது, நீங்க யாரும் பாக்காததுல ஆச்சரியமே இல்ல.

இங்க எனக்கு ரொம்ப புடிச்ச ஒரு முடிச்சு இருக்கு. ஒரு தடவதான் சாப்பிடும்னா, ஒரு எலிகிட்டேர்ந்து கிருமிய வாங்கி இன்னொரு ஆளுக்கு எப்படி குடுக்கும்? ரெண்டாவது சாப்பாடே கிடையாதே? விடை என்னன்னா தாய் மைட்டோட முட்டையிலயே கிருமி போகுது, அந்த லார்வா பொறக்கும்போதே கிருமியோட பொறக்குது, அதுவும் வளந்து முட்டை போட்டா அதுலயும் போகும். அதனால எலி இதுல சாப்பாட்டு இலைதான், கிருமிக்கு நிஜமான வீடு மைட் பரம்பரை. நடைமுறையில இதுக்கு என்ன அர்த்தம்னா, ஆபத்து எல்லா புல்லுலயும் பரவலா இருக்காது, அங்கங்க திட்டுத் திட்டா இருக்கும், ஒரு புதர் ஓரத்துல நிறைய, பத்து அடி தள்ளி ஒண்ணுமே இல்லாம. எலி அடிச்சுட்டா தீர்ந்துடும்னும் நெனைக்காதீங்க, திடீர்னு எலி இல்லாம போனா பசிச்ச லார்வா அடுத்து வர்ற ஆள் மேல ஏறும், அதனால புதர வெட்டி வெயில் படும்படி தரைய காய விடறதும் சேர்ந்தே நடக்கணும்.

குழந்தைக்கு தொத்துமான்னு கேட்டிருக்கீங்க. தொத்தாது. இருமல், எச்சில், ஒரே பாய்ல படுக்கறது, கொசு, எதுலயும் பரவாது. அம்மாவுக்கு கடி பட்ட அதே புதர் ஓரத்துல குழந்தையும் விளையாடுனா குழந்தைக்கும் தனியா கடி படலாம், அவ்ளோதான் தொடர்பு. எல்லாரும் டெஸ்ட் எடுக்கணுமான்னா வேண்டவே வேண்டாம். வேலூர் சிஎம்சியும் லண்டன் ஸ்கூல் ஆஃப் ஹைஜீனும் சேர்ந்து தமிழ்நாட்டுல 37 கிராமங்கள்ல சுமார் 32,000 பேர தொடர்ந்து கவனிச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க, அதுல தெரிஞ்சது என்னன்னா தொற்று படறவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு ஜுரமே வர்றதில்ல, சத்தமில்லாம வந்துட்டு போயிடுது. அப்போ நல்லா இருக்கற ஆளுக்கு டெஸ்ட் எடுத்தா பாசிட்டிவ் வரத்தான் செய்யும், அத வெச்சு என்ன பண்றது? நாலு பேர் டெஸ்ட் எடுத்து நாலு பேரும் பயந்துக்கலாம். குழந்தைக்கு ஜுரம் வந்தா மட்டும் "வீட்ல பாட்டிக்கு ஸ்க்ரப் டைபஸ் வந்துச்சு"ன்னு டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க, அந்த ஒரு வாக்கியம் பல டெஸ்டுக்கு சமம்.

மொத டாக்டர் விஷயம். அவர திட்டறதுக்கு முன்னாடி அவர் எடத்துல நின்னு பாருங்க. மூணாவது நாள் ஜுரம், தலைவலி, ஒடம்பு வலி, பிளேட்லெட் குறையுது, லிவர் என்சைம் ஏறுது, இது டெங்குவுக்கும் இருக்கும், மலேரியாவுக்கும், எலிக்காய்ச்சலுக்கும், ஸ்க்ரப்புக்கும் இருக்கும். அன்னிக்கே ஸ்க்ரப் ஐஜிஎம் அனுப்பியிருந்தாலும் நெகட்டிவா வந்திருக்க வாய்ப்பு ஜாஸ்தி, ஆன்டிபாடி அப்போ ஏறியிருக்காது. பொருக்கு கிடைச்சா அதுலேர்ந்து பிசிஆர், அதாவது கிருமியோட மரபணுவையே தேடற டெஸ்ட் பண்ணலாம், அது ஆரம்பத்துலயே காட்டும், ஆனா எல்லா எடத்துலயும் வசதி இல்ல. வைடால நம்பினதுல மட்டும் எனக்கு அவரோட சண்டை உண்டு, ஒரே ஒரு தடவ எடுத்த வைடால் பழைய தொற்று, பழைய தடுப்பூசி, வேற ஜுரம் எதுக்கு வேணும்னாலும் ஏறும், அத வெச்சு டைபாய்டுன்னு முடிவு கட்டறத நாங்க எப்பவோ விட்டிருக்கணும்.

இதே மாதிரி ஸ்க்ரப்புக்கு ஒரு பழைய டெஸ்ட் இருக்கு, வெய்ல்-ஃபெலிக்ஸ். அதோட கதை சுவாரஸ்யமானது. 1920கள்ல குவாலாலம்பூர்ல ஃப்ளெட்சர், லெஸ்லர்னு ரெண்டு பேர் டைபஸ் ஜுரக்காரங்களோட ரத்தத்த புரோட்டியஸ்ங்கற சம்பந்தமில்லாத ஒரு கிருமியோட கலந்து பாத்துட்டு இருந்தாங்க, அது திரண்டா டைபஸ்னு அர்த்தம். அவங்ககிட்ட அந்த புரோட்டியஸ வளர்த்து வெச்ச ரெண்டு கல்ச்சர் இருந்துச்சு, ஒண்ணு கிங்ஸ்பரிங்கறவர் இங்கிலாந்துலேர்ந்து கொண்டு வந்தது. ரெண்டும் ஒண்ணுதான்னு நெனைச்சு வேலை பாத்தா, டவுன்ல வந்த ஜுரக்காரங்க ரத்தம் ஒரு கல்ச்சர திரட்டுது, தோட்டம் காடுன்னு வேலை பாக்கறவங்க ரத்தம் கிங்ஸ்பரி கல்ச்சர மட்டும் திரட்டுது. அப்போதான் இது ரெண்டு தனித்தனி வியாதின்னு பிரிஞ்சுது, டவுன்ல வந்தது எலித் தெள்ளுல வர்றது, தோட்டத்துல வந்தது நம்ம ஸ்க்ரப். இன்னிக்கும் ரிப்போர்ட்ல ஓஎக்ஸ்-கேன்னு போடறாங்களே, அந்த கே கிங்ஸ்பரிதான். அந்த காலத்துக்கு பிரமாதமான வேலை, ஆனா பாதிக்கு மேல கேஸ தவற விடற டெஸ்ட், ஐஜிஎம் அளக்கற எலைசா டெஸ்ட் கிடைக்கற எடத்துல இத நம்பி உக்காரக்கூடாது.

அஞ்சு நாள் போட்ட ஊசி ஏன் வேலை செய்யலன்னா, டைபாய்டுக்கு வழக்கமா போடற அந்த வகை ஊசிங்க கிருமியோட செல் சுவர் கட்டறத கெடுத்து கொல்லும். ஸ்க்ரப் கிருமி, ஓரியன்ஷியா சுட்சுகாமுஷின்னு பேரு, அந்த சுவர் சரக்க ரொம்ப கம்மியாதான் வெச்சிருக்கு, போதாக்குறைக்கு நம்ம செல்லுக்கு உள்ளயே போய் உக்காந்துக்கும். அதனால எத்தன பெரிய ஊசியா இருந்தாலும் அது கண்டுக்காது. செல்லுக்குள்ள புகுந்து கிருமி புரதம் தயாரிக்கறத நிறுத்தற மருந்து வேணும், டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின், பழைய காலத்து குளோராம்பெனிகால். 1948ல அதே ஸ்மடெல் மலேயாவுல குளோராம்பெனிகால் குடுத்துதான் இதுக்கு மருந்து உண்டுன்னே உலகத்துக்கு தெரிஞ்சுது. ரெண்டு நாள்ல ஜுரம் விட்டுச்சுன்னு எழுதியிருக்கீங்களே, அதுவே பாதி ஊர்ஜிதம். அதனாலதான் ஸ்க்ரப் நடமாடற எடத்துல, காரணம் தெரியாத ஜுரம் அஞ்சு நாள் தாண்டினா ரிப்போர்ட்டுக்கு காத்திருக்காம டாக்ஸிசைக்ளின் ஆரம்பிச்சுடறது நல்லதுன்னு என்ன மாதிரி ஆளுங்க கத்திட்டே இருக்கோம். கர்ப்பமா இருந்தா அசித்ரோமைசின். நீங்களா கடையில வாங்கி போட்டுக்க சொல்லல, டாக்டர்கிட்ட வாய விட்டு கேளுங்கன்னு சொல்றேன்.

அம்மாவுக்கு மூச்சு வாங்கினது நுரையீரல் வரைக்கும் போயிடுச்சுங்கறதோட அடையாளம். அந்த நிலைமைக்கு என்ன மருந்து நல்லதுன்னு இந்தியாவுல ஏழு ஆஸ்பத்திரி சேர்ந்து, வேலூர் சிஎம்சி தலைமையில, 794 தீவிர நோயாளிங்கள வெச்சு ஒரு சோதனை பண்ணாங்க, 2023ல வெளியாச்சு. நரம்பு வழியா டாக்ஸிசைக்ளினும் அசித்ரோமைசினும் சேர்த்து குடுத்தவங்கள்ல 33 சதவீதம் பேருக்கு சரியா போகாத நிலைமை, அதாவது மரணமோ, ஒரு வாரம் ஆகியும் விடாத சிக்கலோ, அஞ்சு நாள் ஆகியும் விடாத ஜுரமோ. டாக்ஸி மட்டும் குடுத்தவங்கள்ல 50, அசித்ரோ மட்டும்னா 48. இறப்பு எண்ணிக்கையில மட்டும் வித்தியாசம் தெரியல. ஏன்னு அவரவர் ஒரு காரணம் சொல்லலாம், நான் பாக்கறது, மருந்து எத்தன நல்லதா இருந்தாலும் லேட்டா வந்தவங்கள முழுசா காப்பாத்த முடியறதில்ல.

தடுப்பூசி இல்ல. முயற்சி இல்லாம இல்ல, ரெண்டாம் உலகப்போர்ல பர்மா பக்கம் சண்டை போட்ட படைங்கள இந்த ஜுரம் பாடா படுத்தினதுனால பிரிட்டன்ல காட்டன் ராட்ங்கற எலியோட நுரையீரல்ல கிருமிய வளர்த்து ஊசி தயார் பண்ணாங்க, பிரயோஜனப்படல. கிருமியோட மேல்தோல்ல இருக்கற ஒரு பெரிய புரதம் ரகத்துக்கு ரகம் மாறுது, கார்ப், கில்லியம், கேட்டோன்னு ஆரம்பிச்சு இப்போ ரகம் எக்கச்சக்கம், ஒண்ணுக்கு வந்த எதிர்ப்பு இன்னொண்ணுக்கு சில மாசத்துக்கு மேல தாங்கறதில்ல. அதனால அம்மாவுக்கு திரும்பவும் வரலாம், "ஒரு தடவ வந்தா வராது"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

வராம இருக்க என்ன பண்ணலாம்னா, புதர்ல புல்லுல வேலை பாக்கும்போது முழுக்கை, முழுக்கால் துணி, காலுறைக்குள்ள பேண்ட்ட விட்டுக்கறது, வெளியில தெரியற தோல்ல பூச்சி விரட்டற டீட் இருக்கற கிரீம், துணிக்கு பெர்மெத்ரின்ங்கற பூச்சிமருந்து கிடைச்சா அது. வெறும் தரையில புல்லுல உக்காராதீங்க, படுக்காதீங்க, துவைச்ச துணிய செடி மேல காயப்போடாதீங்க. வந்ததும் துணிய மாத்தி துவைக்க போட்டுட்டு தேய்ச்சு குளிக்கணும், ஏன்னா இந்த லார்வா ஏறின உடனே கடிக்காது, மெல்லிசு தோல் தேடி ஒடம்புல அலையும், அந்த நேரத்துல தேய்ச்சு குளிச்சா போயிடும். எனக்கு கேட்டா இருக்கற எல்லா யோசனையிலயும் இந்த குளியல்தான் செலவில்லாத, பலன் உள்ள யோசனை.

கடைசியா அசதியும் காதும். நுரையீரல் வரைக்கும் போயிட்டு வந்த ஒடம்பு, ரெண்டரை மாசம் அசதி இருக்கறது அதிசயம் இல்ல, ஆனா ரத்தசோகை, சுகர், தைராய்டு ஒரு தடவ பாத்துடுங்க, எல்லாத்தையும் ஸ்க்ரப் தலையில கட்டக்கூடாது. லிவர் டெஸ்ட் திரும்ப எடுக்கலன்னா அது ஒண்ணு எடுக்கலாம், ஐஜிஎம்முக்கு செலவு பண்ணத இதுக்கு பண்ணியிருக்கலாம். காது இரைச்சலும் காது மந்தமும் இந்த வியாதியில வர்றதுதான், நரம்ப தொடறதால, நிறைய பேருக்கு ஜுரத்தோடயே சரியாயிடும். அம்மாவுக்கு இன்னும் இருக்குன்னா காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட காட்டி கேக்கற திறன அளக்கற ஆடியோகிராம் ஒண்ணு எடுத்துடுங்க, டிஸ்சார்ஜ் சம்மரிய கையோட எடுத்துட்டு போங்க, ஆஸ்பத்திரியில என்னென்ன ஊசி போட்டாங்கன்னு அவர் கேப்பார், ஏன்னா சில ஊசியே காத பாதிக்கும்.